கடலோரத்தில் மூன்று கட்டில்கள்

ஆகஸ்ட் 7, திங்கள்

இந்த நோட்டை டயட்டீஷியன் கொடுத்தார். தினமும் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறேன், எடை எவ்வளவு என்று எழுதிவர வேண்டுமாம். இருபத்திரண்டு வருஷம் வக்கீல் ஆபீஸில் தட்டச்சு செய்தவளுக்கு எழுதுவது பாரமில்லை. எழுதுகிறேன்.

தண்ணீர் 900 மில்லி; ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. மிஷினில் ஏறும்போது எடை 54.6, இறங்கும்போது 52.1.

சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்தி மூன்று வருஷம் நாலு மாதம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறரையிலிருந்து பத்தரை வரை டயாலிசிஸ். கோவில்பட்டியைத் தாண்டி எங்கும் போனதில்லை. என்னுடையது ஐந்தாம் கட்டில். நான்காம் கட்டில் ஜெபசெல்வி டீச்சருடையது. பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தொரு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கையில் ஊசி ஏற்றும்போதும் முதுகு வளையாமல் உட்கார்ந்திருப்பார்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

போகவில்லை. ஆட்டோ வரவில்லை.

ஆகஸ்ட் 14, திங்கள்

ஏறும்போது எடை 57.3. மூச்சு வாங்கியது. டெக்னீஷியன் பிரேமா திட்டினாள். "ஒரு நாள் விட்டா நெஞ்சுல தண்ணி கோத்துக்கிடும்னு தெரியும்லா அக்கா?" தெரியும் என்றேன். டீச்சர் நாலு மணி நேரமும் என் பக்கமே திரும்பிப் படுத்திருந்தார்.

என் வீட்டுக்காரர் காலை நாலரைக்கே பஸ்ஸை எடுக்கப் போய்விடுவார். விளாத்திகுளம் ரூட்டில் இருபத்தாறு வருஷமாக டிரைவர். நான் போனேனா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ராத்திரி வந்து அவரே எனக்கு உப்பில்லாமல் தனியாகச் சமைத்து, தனக்கும் அதையே போட்டுக்கொள்வார். என்னால் அவருக்கு ஆனது என்ன என்று எழுத ஆரம்பித்தால் இந்த நோட்டு போதாது.

தண்ணீர் 850.

ஆகஸ்ட் 18, வெள்ளி

போகவில்லை. உடம்பு அசதி. மண்பானையிலிருந்து மூன்று சொம்பு குடித்தேன். நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 21, திங்கள்

எடை எழுத இஷ்டமில்லை.

ஊசி போட்டு மிஷின் ஓட ஆரம்பித்ததும் டீச்சர் கேட்டார்: "செம்பகம், மங்களூருக்கு வடக்க கொங்கண் ரயில்ல போயிருக்கியா?"

இல்லை என்றேன்.

"நான் போயிருக்கேன். தொண்ணூத்தொம்போதுல. கோக்கோ டீம கூட்டிக்கிட்டு கோவாவுக்கு. பிள்ளைங்க முப்பது பேரு. ஆறு, பாலம், குகை, கடல்னு அதுகளுக்கு ஒரே கூச்சல். நான் ஒண்ணையும் பாக்கல. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் தலைய எண்ணிக்கிட்டே போனேன். போகவர ரெண்டு தடவ. முப்பது தலையும் பத்திரமா வந்துட்டு. ஆனா கடல் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது."

"இப்ப எதுக்கு டீச்சர் அது?"

"இப்ப பாக்கணும். அவசரமில்லாம. கொஞ்ச தூரம் ரயில்ல, கொஞ்ச தூரம் கார்ல. நீயும் வார."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒன்றுவிட்ட ஒரு நாள் நாலு மணி நேரம் மிஷினோடு கட்டிப்போட்டிருக்கும் இரண்டு பேர் எங்கே போவது? சொன்னேன்.

"ஏட்டி, மிஷின் கோவில்பட்டில மட்டுமா இருக்கு? மங்களூர்ல இருக்கு. கார்வார்ல இருக்கு. குந்தாபுரால இருக்கு. எல்லாம் கடலோரம். அங்கங்க ஒரு நாள் காலைல படுத்து எந்திரிச்சுக்கிட்டே போகவேண்டியதுதான். மூணு ஊரு, மூணு கட்டிலு."

"டாக்டர் விடுவாரா?"

"கேட்டுட்டேன். எட ரெண்டு கிலோவுக்கு மேல ஏறக்கூடாது, நவம்பர் வர ஒரு நாளும் விடக்கூடாதுன்னு சொல்லுதாரு. டீம்ல இருக்கணும்னா பிராக்டிஸுக்கு வரணும்." கண்ணை மூடிக்கொண்டார். "உன் பேர எழுதிட்டேன்."

ஆகஸ்ட் 25, வெள்ளி

போனேன். 54.9.

செப்டம்பர் 4, திங்கள்

டீச்சர் ஒரு பெரிய காகிதத்தில் கடற்கரையை வரைந்து வந்திருக்கிறார். கபடிக் களம் போடுவதுபோல நேர்க்கோடு கோடாக இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து கோவா வரை ஒரே கோடு. "கடல் இவ்வளவு நேராவா இருக்கும்?" என்று பிரேமா கேட்டாள். "நமக்கு இப்படித்தான் வேணும்" என்றார் டீச்சர்.

மங்களூர், கார்வார், குந்தாபுரா மூன்றுக்கும் சிவப்பு மையில் சிலுவைக் குறி. அவைதான் எங்கள் கட்டில்கள். பச்சை மையில் போட்டவை பார்க்க வேண்டிய இடங்கள், பதினேழு. நான் எண்ணிச் சொன்னதும் யோசித்தார். பிறகு என்னிடமே பேனாவைக் கொடுத்து, "அடி. ஒரு நாளைக்கு ஒண்ணுக்கு மேல வேண்டாம். ஓடுனது போதும்" என்றார்.

பதினொன்றை அடித்தேன். நாலு மணி நேரம் போனதே தெரியவில்லை. இந்த வார்த்தையை மிஷின் நாளில் எழுதுவேன் என்று நினைத்ததில்லை.

தண்ணீர் 800. ஐஸ் கட்டி இரண்டு.

செப்டம்பர் 9, சனி

தொலைபேசி வேலை எனக்கு. காலை பத்து மணிக்குச் சமையலறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மூன்று ஊருக்கும் பேசினேன். மங்களூரில் சரி என்றார்கள். மூன்று ரத்தப் பரிசோதனைகள், ஒரு மாதத்துக்குள் எடுத்தது. கடைசி மூன்று தடவை மிஷினில் படுத்ததன் குறிப்பு. டாக்டர் கடிதம். இவ்வளவும் வேண்டும்.

கார்வாரில் எடுத்தவருக்குக் கன்னடமும் இந்தியும்தான். எனக்கு இரண்டும் இல்லை. டீச்சர் சொல்லிக்கொடுத்த "எரடு பெட்", அதாவது இரண்டு கட்டில், என்பதை நாலு தடவை சொன்னேன். அவர் ஏதோ கேட்டார். நான் மறுபடியும் "எரடு பெட்". அவர் வைக்காமல் காத்திருக்கச் சொல்லி யாரையோ கூட்டிவந்தார். ஒரு பெண் குரல்: "சொல்லுங்கம்மா, நான் கோயமுத்தூர்ல நர்சிங் படிச்சேன்."

ஃபோனை வைத்துவிட்டு அழுதேன். எதற்கென்று தெரியவில்லை. முன்பின் தெரியாத ஊரில், முகம் தெரியாத ஒருத்தர், எனக்காக ஒரு ஆளைத் தேடிக்கொண்டு போயிருக்கிறார்.

செப்டம்பர் 12, செவ்வாய்

அவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, "கார்வார்ல இருந்து மங்களூர் எத்தன கிலோமீட்டர்?" என்றார்.

"இருநூத்தம்பதுக்கு மேல."

"கார நான் ஓட்டுதேன்."

"உங்களுக்கு லீவு?"

"இருபத்தாறு வருஷமா கெடக்கு லீவு." பிறகு, "பின்னால விசிலடிக்க ஆளில்லாம ஒரு தடவ ஓட்டிப் பாக்கணும்" என்றார்.

இவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்வார் என்று நினைக்கவில்லை. ஏற்கெனவே தெரிந்தவர் மாதிரி இருந்தார்.

செப்டம்பர் 29, வெள்ளி

54.1. மாதம் முழுவதும் ஒரு நாளும் விடவில்லை. டீச்சர் தன் தாளில் என் பெயருக்கு நேரே ஒரு டிக் அடித்தார். ஐம்பது வயதில் எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

அக்டோபர் 11, புதன்

இன்று டீச்சருக்கு நடுவில் ரத்த அழுத்தம் இறங்கி வாந்தி எடுத்தார். கால் இரண்டும் முறுக்கிக்கொண்டன. பிரேமா ஓடிவந்து காலைத் தூக்கிப் பிடித்தாள். வலி விட்டதும் டீச்சர் கேட்ட முதல் கேள்வி: "ஏ பிரேமா, இப்படி கார்ல வச்சு வந்தா செம்பகம் என்ன செய்யணும்? அவளுக்குச் சொல்லிக்குடு."

இந்த மனுஷியை என்னவென்று எழுதுவது? எனக்கு வந்திருந்தால் போதும், வீட்டுக்குப் போகிறேன் என்றிருப்பேன். அவர் வலியைக்கூட முன்னேற்பாடாக மாற்றிவிடுகிறார்.

கற்றுக்கொண்டேன். காலை உயர்த்த வேண்டும், பாதத்தை மேல்நோக்கி வளைக்க வேண்டும். எழுதிவைத்தேன்.

அக்டோபர் 24, செவ்வாய்

எடுத்துப்போக வேண்டியவை: மாத்திரைகள் பத்து நாளுக்கு இரண்டு பங்கு, இரண்டு பைகளில். எடை பார்க்கும் கருவி. கோடு போட்ட அரை லிட்டர் பாட்டில். உப்பில்லாத பொரி. டீச்சர் சொன்னது: "இளநி குடிக்கக்கூடாது. பொட்டாசியம் ஏறிரும். அந்தக் கரை முழுக்கத் தென்ன மரம்தான், பாத்துக்கோ. மரத்த மட்டும் பாக்கணும்."

நவம்பர் 3, வெள்ளி

டிக்கெட் மூன்றும் உறுதியாகிவிட்டன. இருபத்தைந்தாம் தேதி விடிய நாகர்கோவிலிலிருந்து பகல் வண்டி. மிஷினில் படுத்தபடி டீச்சர் தன் டிக்கெட்டை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். அவர் தூங்கி இன்றுதான் பார்த்தேன்.

நவம்பர் 15, புதன்

நான்காம் கட்டில் காலி.

டீச்சருக்குக் கையில் ஊசி போடுகிற ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

நவம்பர் 16, வியாழன்

குழாயைத் திறக்க முடியவில்லையாம். கழுத்தில் ட்யூப் போட்டிருக்கிறார்கள். ஒரு மாதத்துக்காவது எங்கும் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தண்ணீர் எவ்வளவு என்று இன்று அளக்கவில்லை.

நவம்பர் 20, திங்கள்

டீச்சர் வந்துவிட்டார். கழுத்தில் பெரிய கட்டு. தலையைத் திருப்ப முடியாமல், நேரே மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

நான் சொன்னேன்: "டீச்சர், டிக்கெட்ட கேன்சல் பண்ணச் சொல்லிட்டேன்."

"யாரக் கேட்டு?"

"நீங்க இல்லாம நான் என்னத்துக்குப் போக?"

மிஷின்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு டீச்சர் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார். "ஆகஸ்ட்ல ரெண்டு வெள்ளிக்கிழம நீ வரல. ஏன் வரலன்னு எனக்குத் தெரியும். முப்பத்திரெண்டு வருஷம் வகுப்புக்கு மட்டம் போடுத பிள்ளைகளப் பாத்தவ நான். வயித்துவலின்னு சொல்லுததுல எது வயித்துவலி, எது வேறன்னு மொகத்தப் பாத்தாலே சொல்லிருவேன்."

"ஆட்டோ வரல டீச்சர்."

"செம்பகம்."

என் கையிலிருந்த ஊசியைப் பார்த்தேன்.

"பயணம்னு ஒண்ணு இருந்தா நீ வருவேன்னு நெனச்சேன். வந்த. பன்னெண்டு வாரம் ஒரு நாள் விடல. இப்ப நான் இல்லன்னு நீ நின்னுட்டா, என்னப் பாத்துத்தான் நீ வந்திருக்க. எனக்கு அது வேண்டாம். உனக்காக நீ போகணும்."

அவர் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது. கழுத்துக் கட்டு அசையக்கூடாதென்று அவர் கையைத் தூக்காமல் படுத்திருந்தார். என் வலது கையில் ஊசி இல்லை. எட்டித் துடைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி ஆட்டோ வந்தது. வாசலில் நின்று இரண்டு தடவை ஹாரன் அடித்தது. நான்தான் திருப்பி அனுப்பினேன்.

நவம்பர் 22, புதன்

டிக்கெட் இரண்டு இருக்கிறது. டீச்சருடையதை மட்டும் ரத்து செய்தோம்.

நவம்பர் 25, சனி

ரயில். காலை நாலே காலுக்குப் புறப்பட்டது. கேரளம் முழுவதும் பகலில் கடந்தோம். வாய்க்கால், வள்ளம், ஓட்டுவீடு, மறுபடி வாய்க்கால். தலச்சேரியைத் தாண்டியபோது தென்னைகளின் இடுக்கில் விரல் அகலத்துக்குக் கடல். "இந்தா, இந்தா" என்று அவர் எழுந்துநின்றுவிட்டார். அதற்குள் போய்விட்டது.

பேக்கலுக்கு அருகில் தண்டவாளத்தை ஒட்டியே கடல் வரும் என்று டீச்சர் தாளில் எழுதியிருந்தார். அந்த இடம் வருவதற்குள் இருட்டிவிட்டது. கண்ணாடியில் எங்கள் முகங்கள்தான் தெரிந்தன. டீச்சர் ஃபோனில், "பாத்தியா?" என்றார். "இருட்டிட்டு டீச்சர்." "ஐயோ, நேரம் பாக்காம எழுதிட்டேனே" என்று என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார்.

தண்ணீர் 700.

நவம்பர் 27, திங்கள்

மங்களூர். முதல் கட்டில். சுத்தமான இடம். பேசத்தான் ஆளில்லை. பக்கத்துப் படுக்கைப் பெரியவர் துளுவில் ஏதோ கேட்டார். நான் கையை விரித்தேன். அவர் தன் கையிலிருந்த ஊசியைக் காட்டி, என் ஊசியைக் காட்டி, சிரித்தார். அது போதுமாக இருந்தது.

நேற்று முழுவதும் ஓய்வு. வீட்டுக்காரர் விடுதி அறை ஜன்னலருகே நாற்காலியைப் போட்டு, போகிற பஸ்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா ஓட்டுதான்" என்று ஒருத்தனைப் பாராட்டினார். அவர் பாராட்டிக் கேட்டதே இல்லை.

நவம்பர் 28, செவ்வாய்

காலை வண்டியில் கார்வார். ஐந்து மணி நேரப் பயணம். இதற்காகத்தான் இவ்வளவும் என்று நினைத்து ஏறினேன். கடல் ஓரிரண்டு தடவைதான் தெரிந்தது. ஆனால் ஆறுகள்! நம் பக்கம் ஆறு என்றால் மணல். இங்கே ஒவ்வொரு ஆறும் கரை முட்டிக்கொண்டு, பச்சையாக, கடலுக்குள் போகிற அவசரம்கூட இல்லாமல் கிடக்கிறது. ஹொன்னாவரில் சராவதிப் பாலம். வண்டி பாலத்தில் ஏறியதும் பெட்டியில் பேச்சு நின்றது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஆறு கடலில் சேர்கிற வாய், நடுவில் தென்னந்தீவுகள். பாலம் முடிகிறது என்று நினைத்தால் முடியவில்லை. தண்ணீருக்கு மேல் இவ்வளவு நேரம் போவோம் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

குகைகளுக்குள் போகும்போதெல்லாம் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பயம் எனக்கா அவருக்கா என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

நவம்பர் 29, புதன்

கார்வார், இரண்டாம் கட்டில். கோயமுத்தூரில் படித்த அந்த நர்ஸ் வாசலிலேயே நின்றிருந்தார். பெயர் ரேணுகா நாயக். "எரடு பெட் அம்மாதானே? இன்னொருத்தங்க எங்க?"

சொன்னேன். அவர் உள்ளே போய்த் திரும்பி வந்தார். "உங்களுக்கு ஜன்னலோரக் கட்டில். இங்கேயிருந்து கடல் தெரியும்."

தெரிந்தது. கட்டடங்களுக்கு நடுவில் ஒரு நீலத் துண்டு, நாலு மணி நேரமும். மூன்று வருஷமாக என் ரத்தம் வெளியே போய் உள்ளே வருவதைச் சுவரைப் பார்த்துக்கொண்டே கழித்திருக்கிறேன். இன்று கடலைப் பார்த்தேன்.

நவம்பர் 30, வியாழன்

மங்களூரிலிருந்து ஒருவர் காரைக் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளை நிறச் சின்ன கார். வீட்டுக்காரர் அதைச் சுற்றிவந்து நாலு டயரையும் தட்டிப் பார்த்தார். உட்கார்ந்ததும், "ஸ்டீயரிங் என்ன, சோத்துத் தட்டு கணக்கா இருக்கு" என்றார்.

கோகர்ணத்தில் காலையும், முருடேஸ்வரில் இரவும். நடுவில் பத்து இடத்தில் நிறுத்தினார். ஒரு பாலத்தில் நிறுத்தி, வலை வீசுகிறவரைப் பார்த்தோம். ஒரு மேட்டில் நிறுத்தி, ஒன்றுமில்லாமல் பார்த்தோம். பின்னால் வந்த லாரிக்கெல்லாம் வழி விட்டார். "போங்க போங்க" என்று கையை அசைத்தார். நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. விளாத்திகுளம் ரோட்டில் இவரைப் பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள்.

டிசம்பர் 1, வெள்ளி

மறவந்தே என்ற இடம். ரோட்டுக்கு வலது பக்கம் கடல், இடது பக்கம் ஆறு. நடுவில் ரோடு மட்டும். இரண்டு தண்ணீருக்கும் நடுவே கார் போகிறது. அவர் கொஞ்ச தூரம் போய், ஓரமாக ஒதுக்கி, எஞ்சினை அணைத்தார்.

இறங்கி மணலில் உட்கார்ந்தோம். காலை ஒன்பது மணி. மதியம் குந்தாபுராவில் மூன்றாம் கட்டில். உடம்பில் நீர் சேர்ந்து, நாக்கு உலர்ந்திருந்தது. உலகத்துத் தண்ணீரெல்லாம் கண்முன்னால். எனக்கு அன்றைக்கு மீதமிருந்தது இருநூறு மில்லி. அதை நினைத்ததும் சிரிப்பு வந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"செம்பா, ஒண்ணு சொல்லுதேன். கோவப்படாத."

"சொல்லுங்க."

"ஆகஸ்ட்ல நம்ம ஆட்டோக்கார சுடலை ஸ்டாண்டுல வந்து சொன்னான். அக்கா திருப்பி அனுப்பிட்டாங்கன்னு. அடுத்த வாரமும் சொன்னான். அன்னையில இருந்து ஒவ்வொரு டிரிப்பும், வீட்டுக்குப் போனா நீ இருப்பியா மாட்டியான்னு நெனச்சுக்கிட்டேதான் ஓட்டுனேன். உங்கிட்ட கேக்க பயம். கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா நான் என்ன செய்வேன்? அதான் டீச்சர் வீட்டுக்குப் போனேன்."

நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"அவங்க வாசல்ல நின்னு அழுதுட்டேன். அவங்க உள்ள போயி ஒரு பேப்பர எடுத்துட்டு வந்தாங்க. உங்களுக்கு கார் ஓட்டத் தெரியுமான்னு கேட்டாங்க."

அலை வந்து போய்க்கொண்டிருந்தது. எனக்கு எழுந்து நிற்க வேண்டும்போல் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். கூடவே வந்தார். கணுக்கால் வரை, பிறகு முழங்கால் வரை. பாதத்தின் கீழே மணல் நழுவியது. ஊசி போடும் இடது கை நனையாமல் இருக்க, அதைத் தன் தோள்மேல் தூக்கி வைத்துக்கொண்டார். ரோட்டில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள்.

"உங்களுக்கு நான் பாரமா இல்லையா?" என்று கேட்டேன். மூன்று வருஷமாக வாய்வரை வந்த கேள்வி.

யோசித்துச் சொன்னார். பொய் சொல்லத் தெரியாதவர். "கஷ்டமாத்தான் இருக்கு. சில நாள் ரொம்பக் கஷ்டம். ஆனா வீட்டுல வெளக்கு எரியுதான்னு தெருமொனையிலேயே பாப்பேன். எரிஞ்சா போதும்."

மதியம் குந்தாபுராவில் ஊசி குத்தியது வலிக்கவில்லை. ஏறும்போது எடை 54.0.

டிசம்பர் 2, சனி

மல்பே கடற்கரை. மீன் படகுகள். ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

டிசம்பர் 4, திங்கள்

நேற்று நாள் முழுவதும் திரும்பும் ரயில். இன்று மதியம் நம் ஊர் மிஷின். டீச்சரும் எனக்காக மதிய நேரத்துக்கு மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். "எட?" என்றார். சொன்னேன். தலையை ஆட்டினார். அவ்வளவுதான். நாலு மணி நேரமும் சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். சராவதி என்று ஆரம்பித்தேன். "தூக்கம் வருது" என்றார். தூங்கவில்லை, தோள் சொல்லியது.

எனக்கு ஒரு கணம் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. இரும்பால் செய்தவர் என்று நானாக நினைத்துக்கொண்டு, அவர் இருபத்து நாலு வருஷம் ஆசைப்பட்டதை நான் பார்த்துவிட்டு வந்து, மூச்சு வாங்க வாங்கச் சொல்ல நிற்கிறேன்.

டிசம்பர் 6, புதன்

இன்று நான் பயணப் பேச்சை எடுக்கவில்லை. பக்கத்தில் படுத்து, அவர் பார்க்கும் சுவரையே நானும் பார்த்தேன். இரண்டு மணி நேரம் கழித்து அவராக, "பொறாமையா இருந்துச்சுட்டி" என்றார்.

"தெரியும் டீச்சர்."

"ஜெபத்துல சொல்லிட்டேன். இருந்தும் போகல." பிறகு, "அந்தப் பெரிய பாலம். அதுல இருந்து தொடங்கு. ஒண்ணும் விடாத" என்றார்.

சொன்னேன். பிரேமா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மூன்றாம் கட்டில்காரர் டிவியை அணைக்கச் சொன்னார். மிஷின் நின்று மணியடித்தபோது நான் அங்கோலா வரைக்கும்தான் வந்திருந்தேன்.

டிசம்பர் 14, வியாழன்

திருநெல்வேலி ஆஸ்பத்திரி. டீச்சருக்கு வலது கையில் புதிதாக ரத்தக் குழாய் இணைக்கும் ஆபரேஷன். அவருடைய தம்பி தானேயில் இருக்கிறார், வர முடியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் போனோம்.

கவுன்டரில் இருந்த பெண் படிவத்தை நீட்டினார். "பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?"

"கூட டயாலிசிஸ் பண்ணுதவ."

"அப்படி ஒரு ஒறவு இல்லம்மா. ரத்த சொந்தம் யாரும் வரலையா?"

சக்கர நாற்காலியிலிருந்து டீச்சர் குரல் கொடுத்தார். மைதானத்துக் குரல். கவுன்டரில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "ரத்தம்தானம்மா வேணும்? மூணு வருஷமா எங்க ரெண்டு பேரு ரத்தமும் ஒரே ரூம்லதான் சுத்திக்கிட்டு கெடக்கு. எழுதிக்கோங்க."

அந்தப் பெண் என்னிடம் பேனாவைக் கொடுத்தார். 'உறவு' என்ற கட்டத்தில் 'சகோதரி' என்று எழுதினேன். கீழே கையெழுத்து: இ. செண்பகவல்லி. மேலே நோயாளியின் பெயர்: சா. ஜெபசெல்வி. அந்தப் பெண் இரண்டு பெயரையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார்.

பத்தரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். கையை மட்டும் மரத்துப்போகச் செய்து முடித்துவிட்டார்கள். பன்னிரண்டே காலுக்கு டாக்டர் வந்து, நன்றாக அமைந்திருக்கிறது, இரண்டு மாதத்தில் பழகிவிடும் என்றார். என் வீட்டுக்காரர் சட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ வாங்கப் போனார்.

வார்டில் டீச்சர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். நான் குனிந்து சொன்னேன்: "டீச்சர், குந்தாபுராவுக்கு ஃபோன் பண்ணிட்டேன். எரடு பெட். கார்வார்ல ரேணுகா ஜன்னலோரம் ரெண்டு கட்டிலப் பாத்து வைக்கேன்னு சொல்லிட்டாங்க."

"எந்தத் தேதி?"

"கார்வார் பிப்ரவரி இருபத்தெட்டு."

விரல்களை மடக்கி எண்ணினார். "புதன்."

"புதன்தான்."

"சரியா வருது" என்றார் டீச்சர். கண்ணைத் திறக்கவே இல்லை. "மொதல்ல பேக்கல். வெளிச்சத்துல போற வண்டியாப் பாரு."